மோரிப் கடற்கரையை ஆயில்ல வரையுறேன், தண்ணி கலர் வரவே மாட்டேங்குது, உதவி வேணும்

பந்திங்_மலர்
திங்கள், இரவு 10.12

வணக்கம் எல்லாருக்கும். மலேசியா, சிலாங்கூர்ல பந்திங் பக்கத்துல ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவ நான், இப்ப டவுன் ஓரமா தாமான் வீட்டுல இருக்கோம், ஆனா பின்கதவை தொறந்தா இன்னும் செம்பனைதான். ஆயில் பெயிண்டிங் ஆரம்பிச்சு நாலு மாசம் ஆகுது. கிளாஸ் எதுவும் போகல, ராத்திரி வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு யூடியூப் பாத்து வரையுறதுதான்.

விஷயம் என்னன்னா, எங்கப்பா முப்பது வருசத்துக்கு மேல செம்பனை குலை வெட்டுனவரு. நாங்க சின்ன பிள்ளையா இருந்தப்ப வருசத்துல ஒரு நாள் லயத்து ஆளுங்க எல்லாம் காசு சேத்து தோட்டத்து லோரியில மோரிப் கடலுக்குப் போவோம், அம்மாங்க எல்லாம் விடியக்காலையில எந்திரிச்சு புளிசாதம் பொட்டலம் கட்டுவாங்க, நாங்க லோரி பின்னால நின்னு பாடிக்கிட்டே போவோம். 1987-ல எடுத்த ஒரே ஒரு போட்டோ இருக்கு. லோரி, சவுக்கு மரம், பதினஞ்சு பேரு, பின்னால கடல். அப்பாவுக்கு போன வருசம் சக்கரையில ஒரு கால் எடுத்துட்டாங்க, இப்ப கிளினிக் போறதைத் தவிர வெளிய போறதே இல்ல. அந்தப் போட்டோவை பெருசா வரைஞ்சு அவரு கட்டிலுக்கு எதிர்ல மாட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

மூணு தடவை வரைஞ்சாச்சு. முதல்ல ஒரு அலை வீடியோ பாத்து அதே மாதிரி கடலை நீலமும் பச்சையுமா போட்டு வெள்ளை நுரை வெச்சேன், அழகாத்தான் வந்துச்சு, அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு "நல்லாருக்கும்மா, இது எந்த ஊரு கடல்?"னு கேட்டாரு. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவை மோரிப் தண்ணி மாதிரி மண் கலர் கொண்டு வரலாம்னு கைக்கு வந்த ட்யூபை எல்லாம் கலந்தேன், வானம் தண்ணி மணல் எல்லாமே ஒரே கஞ்சியா போயிடுச்சு. மூணாவதுல கலர் பரவால்ல ஆனா ஆளுங்க தரையில நிக்காம மிதக்குற மாதிரி இருக்கு, ஏன்னே புரியல.

மோரிப் தண்ணி கலர் எப்படி கலக்குறது? எந்த ட்யூப் எல்லாம் கட்டாயம் வேணும்? என்கிட்ட ஆன்லைன்ல வாங்குன 24 ட்யூப் செட்டு இருக்கு, கேன்வாஸ் 16க்கு 20 இன்ச். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


போர்டு_அண்ணன்
திங்கள், இரவு 11.03

தங்கச்சி, நான் தெலுக் இந்தான்ல கடை போர்டு எழுதுறவன், கோயில் செவுத்துலயும் வரைஞ்சிருக்கேன், ஆயில் ஓவியம்னு தனியா படிக்கல, என் கை பழக்கத்துல தெரிஞ்சதை சொல்றேன். 24 ட்யூபை மூட்டை கட்டி வெச்சிடுங்க. நாங்க அஞ்சாறு டின்னுலதான் மயிலு, மலை, ஆறு எல்லாம் போட்டோம், கலர் கம்மியா இருந்தாதான் கலக்க வரும். கேன்வாஸ் விலையில பழகாதீங்க, 4 மில்லி பிளைவூட் வாங்கி சின்ன சின்னதா வெட்டி, வெள்ளை அண்டர்கோட் ரெண்டு கை அடிச்சு, மணல்தாள் தேய்ச்சு, அதுல பழகுங்க. கலரை இளக்க ஹார்ட்வேர் கடை தின்னர் போதும்.

இன்னொண்ணு, அடிவானத்துக்கு டேப் ஒட்டுங்க. ரெண்டு ஓரத்துலயும் மேல இருந்து ரூலர் வெச்சு அளந்து குறிச்சு ஒட்டுங்க. மலை சாஞ்சா யாருக்கும் தெரியாது, கடல் கொஞ்சம் சாஞ்சாலும் தண்ணி ஒரு பக்கமா ஊத்துற மாதிரி இருக்கும்.


ஓய்வு_வாத்தியார்
செவ்வாய், காலை 6.40

மகளே, நான் கோல சிலாங்கூர் பக்கம். தமிழ்ப்பள்ளியில இருந்து ஓய்வு பெற்று இருபது வருசமா இந்த மலாக்கா நீரிணை ஓரத்தைத்தான் வரைஞ்சிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

நீங்க பாத்த வீடியோவுல வர்ற அலையில வெயில் அலைக்குள்ள பூந்து வெளிய வரும், அதனாலதான் அலை மேல்பக்கம் பச்சை கண்ணாடி மாதிரி மின்னுது. அது ஆழமான, தெளிஞ்ச தண்ணி. நம்ம பக்கம் அப்படி இல்ல. லங்காட், கிள்ளான், சிலாங்கூர்னு ஆறுங்க எல்லாம் வண்டலை கொண்டாந்து கொட்டுது, கரை ஓரம் ஆழமே கிடையாது, பக்காவ் (அலையாத்தி) காட்டுச் சேறு வேற. வெயில் தண்ணிக்குள்ள போகவே முடியாது, வண்டல்ல பட்டு திரும்பிடும். அதனால மோரிப் அலைக்குள்ள பச்சையைத் தேடாதீங்க, அங்க அது இல்ல. திரெங்கானு பக்கம் போய் வரைஞ்சா அப்ப பச்சையை எடுங்க.

மோரிப் தண்ணி தே தாரே கலர், நம்ம இழுத்து ஆத்துற பால் டீ. விளையாட்டுக்கு சொல்லல, கலக்குறதும் அப்படித்தான். டைட்டேனியம் வெள்ளை நிறைய, யெல்லோ ஓக்கர் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா அதைவிட கம்மியா, கடைசியா அல்ட்ராமரின் நீலம் கத்தி முனையில தொட்டு. இந்த நாலோட மரம் இலைக்கு ஒரு லெமன் மஞ்சள், ஆளுங்க துணிக்கு ஒரு சிவப்பு, மொத்தம் ஆறு ட்யூப். கறுப்பு வேணாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சரிக்கு சரி சேத்தா கறுப்புக்கு கிட்ட வந்துடும், அதுலயே வெள்ளை சேத்தா நல்ல சாம்பல் கிடைக்கும், நீலத்தை ஏத்துனா குளிர்ந்த சாம்பல், சியன்னாவை ஏத்துனா சூடான சாம்பல். நம்ம கடற்கரை முழுக்க இந்த ரெண்டு சாம்பலுக்கு நடுவுலதான் இருக்கு.

ஆனா தண்ணி முழுக்க ஒரே தே தாரே போட்டுடாதீங்க. உங்க கால்கிட்ட இருக்குற தண்ணியை நீங்க மேல இருந்து குனிஞ்சு பாக்குறீங்க, அதனால உள்ள இருக்குற மண் தெரியும். தூரத்துத் தண்ணியை சாய்வா பாக்குறீங்க, அங்க தண்ணி கலர் தெரியாது, வானம்தான் தெரியும். அதனால அடிவானத்துக்கிட்ட வானத்து சாம்பலையே ஒரு பிடி கறுக்கப் பண்ணி போடுங்க, கரையை நோக்கி வர வர மண்ணை ஏத்துங்க. தண்ணி வத்துன நேரத்துல ஈரச் சேறு இருக்கு பாருங்க, அதுதான் மோரிப்போட அழகே, அதுவும் கண்ணாடி மாதிரி வானத்தை வாங்கிக்கும். வானம் எந்தக் கலரோ அதையே கொஞ்சம் மங்கலா படுக்கைக் கோட்டுல இழுத்துட்டு, நடுநடுவுல காஞ்ச மேட்டுக்கு மட்டும் ஓக்கர் வையுங்க. நிறைய பேரு சேறுன்னதும் முழுக்க பிரவுனை அப்பிடுறாங்க, அப்படி போட்டா கடற்கரை மாதிரி இருக்காது, தோண்டிப் போட்ட ரோடு மாதிரி இருக்கும்.

கஞ்சியா போறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, ஒரு கலவையில மூணு ட்யூபுக்கு மேல போறது, வெள்ளையை கணக்குல சேக்காம. இன்னொண்ணு, தூரிகையைத் துடைக்காம ஈரத்து மேல ஈரத்தை தேய்ச்சுக்கிட்டே இருக்குறது. ஒரு தடவை வெச்சா விடணும். ஒவ்வொரு கலருக்கும் நடுவுல துணியில துடைங்க, ஸ்பிரிட்ல (பெயிண்டை கரைக்கிற திரவம்) முக்கி முக்கி கழுவாதீங்க, அந்த அழுக்குத் தண்ணி தூரிகையிலயே நின்னு அடுத்த கலரை கெடுக்கும். வானத்துக்கு ஒரு தூரிகை, மண்ணுக்கு ஒரு தூரிகைன்னு தனியா வெச்சுக்கிட்டா பாதி தொல்லை தீந்துச்சு.

இப்ப மிதக்குற ஆளுங்க. போட்டோ எடுத்தவரு நின்னுக்கிட்டு எடுத்திருந்தாருன்னா, அடிவானக் கோடு அவரு கண்ணு உயரத்துல இருக்கும். சமதரைக் கடற்கரையில அவரு உயரத்துக்கே இருக்குற பெரியவங்க, கிட்ட நின்னாலும் தூரத்துல நின்னாலும், எல்லாரு கண்ணும் அந்தக் கோட்டு மேலதான் இருக்கும். தூரம் போகப் போக தலை இறங்காது, கால்தான் மேல ஏறும். பிள்ளைங்க முழுசா கோட்டுக்குக் கீழ, லோரியில ஏறி நிக்கிறவங்க கோட்டுக்கு மேல. நீங்க தூரத்துல நிக்கிற ஆளைச் சின்னதா வரைஞ்சு, தலையையும் சேத்து கீழ இறக்கியிருப்பீங்க. போட்டோவுல ஒரு ரூலர் வெச்சு பாத்தா உடனே பிடிபடும். ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ஒரு மெல்லிசு நிழல் கட்டாயம் வேணும், ஈரச் சேறா இருந்தா காலுக்கு நேர் கீழ பிரதிபிம்பமும் வேணும்.

பழைய கலர் போட்டோவை நம்பி கலர் எடுக்காதீங்க. அந்தக் காலத்து பிரிண்டுல நீலச் சாயம் முதல்ல கரைஞ்சு எல்லாம் சிவப்பா தெரியும். போட்டோவுல இருந்து உருவத்தை மட்டும் எடுங்க, கலருக்கு நேர்ல போய் உக்காருங்க, பந்திங்ல இருந்து அரை மணி நேரம்தான். 8க்கு 10 இன்ச் பலகை ஒண்ணு, ஒரு மணி நேரம், அதுக்கு மேல வேணாம். சுமாரா ஆறு மணி நேரம் தண்ணி ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும், கிள்ளான் துறைமுகம் பக்கம் பெரிய ஏத்தத்துல மட்டம் 4 மீட்டர் கிட்ட மாறும், நீங்க வரைய ஆரம்பிச்ச சேறு நீங்க முடிக்கிறப்ப இருக்காது. பிரெஞ்சு ஓவியர் மோனே எத்ரெத்தா கடற்கரையில வரைஞ்சப்ப ஒரே நேரத்துல பல கேன்வாஸ் எடுத்துட்டு போவாரு, வெளிச்சம் மாற மாற கேன்வாஸை மாத்துவாரு. அவரு 1870-ல துருவீல்ல வரைஞ்ச ஒரு கடற்கரைப் படம் லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு, அதுல பெயிண்டோட மணல் துகளும் ஒட்டி அப்படியே காஞ்சிருக்கு. அந்த மாதிரி வெளிய தூக்கிட்டு போக முடிஞ்சதே 1841-ல ஜான் ரேண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்கு காப்புரிமை வாங்குன பிறகுதான், அதுக்கு முன்னால பன்றி மூத்திரப்பையில கலரை கட்டி வெச்சிருந்தாங்க.

உக்காருறதுக்கு சவுக்கு நிழல் புல்லு போதும், சேத்துல இறங்காதீங்க. 1945 செப்டம்பர் 9-ல பிரிட்டிஷ் படை மோரிப்ல இறங்குனப்பவே வண்டிங்க அந்தச் சேத்துல மாட்டிக்கிச்சு, அதுக்கு அங்க நினைவுச்சின்னம் இருக்கு.

போர்டு அண்ணன் சொன்ன பிளைவூட் அருமையான யோசனை, டேப்பும் சரி. ஆனா தின்னர் மட்டும் வேணாம் தம்பி, அது காஞ்ச அண்டர்கோட்டையே கரைக்கும், வீட்டுக்குள்ள அந்த வாடை மூச்சுக்கும் ஆகாது, அதுவும் படுக்கையில ஒருத்தர் இருக்குற வீடு. ஓவியக் கடையில வாசனை இல்லாத மினரல் ஸ்பிரிட் கிடைக்கும், அதுலயும் ஜன்னலை தொறந்து வெச்சுத்தான் வேலை. பலகைக்கு அண்டர்கோட்டுக்கு பதிலா அக்ரிலிக் கெஸ்ஸோ (ஓவியத்துக்கு அடியில அடிக்கிற வெள்ளைப் பூச்சு) ரெண்டு கை அடிங்க.


போர்டு_அண்ணன்
செவ்வாய், மதியம் 1.15

சார் சொன்னா சரிதான். எனாமல்ல வேலை செஞ்ச பழக்கத்துல தின்னர்னு சொல்லிட்டேன், நான் வெட்டவெளியில சாரத்து மேல நின்னு அடிக்கிறவன், நீங்க ரூமுக்குள்ள உக்காந்து வரையுறீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. தங்கச்சி, தின்னரை விட்டுடுங்க. அந்தக் கண்ணு உயர விஷயம் எனக்கே இன்னைக்குத்தான் தெளிவா புரிஞ்சுச்சு சார், நன்றி.


பந்திங்_மலர்
அடுத்த வாரம் வியாழன், இரவு 9.48

சார், அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. போட்டோவுல ரூலர் வெச்சு பாத்தேன் சார், பெரியவங்க எல்லாரு கண்ணும் ஒரே கோட்டுல! இத்தனை வருசமா பாக்குற போட்டோ, ஒரு நாளும் கவனிச்சதில்ல. ஆறு ட்யூப் மட்டும் வெச்சுக்கிட்டு நாலு சின்ன பலகை வரைஞ்சேன், தூரத்துத் தண்ணிக்கு வானத்து சாம்பல் போட்டதும் கடல் தானா படுத்துக்கிச்சு, அதுக்கு முன்னால செவுரு மாதிரி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

இப்ப வேற ரெண்டு பிரச்சனை. நல்லா வழவழன்னு வரணும்னு லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் தாராளமா ஊத்தி வரைஞ்சேன், ஒரு வாரமாச்சு வெள்ளை போட்ட இடம் எல்லாம் இன்னும் கையில ஒட்டுது, ஒரு இடத்துல பால் ஆடை மாதிரி சுருங்கியும் போச்சு. அப்புறம் அந்த முதல் நீலக் கடல் படம், அலமாரிக்குப் பின்னால சாத்தி வெச்சிருந்தேன், பின்பக்கம் சாம்பல் புள்ளியா பூஞ்சை பிடிச்சிருக்கு. அப்பா ரூம்ல மாட்டப் போற படம் இப்படி ஆனா என்ன பண்றது?


பினாங்கு_அக்கா
வெள்ளி, காலை 11.20

மலர், எண்ணெயைக் குறைம்மா, பிரச்சனை பூரா அங்கதான். ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயுறது இல்ல, எண்ணெய் காத்துல இருக்குற ஆக்சிஜனை இழுத்துத்தான் கெட்டியாகுது. நீ குளம் மாதிரி ஊத்துனா மேல ஆடை கட்டிடும், அடியில ஈரமாவே கிடக்கும், அதான் சுருங்குது. முதல் பூச்சுக்கு எண்ணெய் சேக்கவே சேக்காத, கொஞ்சம் ஸ்பிரிட்ல மெல்லிசா, அடுத்தடுத்த பூச்சுக்குத்தான் சொட்டு சொட்டா. கீழ கொழுப்பு (எண்ணெய் கூட) மேல வறட்சி (எண்ணெய் கம்மி)ன்னு மாத்திப் போட்டா மேல் பூச்சு முதல்ல காஞ்சுடும், அடியில இருக்குறது அதுக்கப்புறமும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும், கொஞ்ச வருசத்துல வெடிச்சுடும்.

கலருக்குக் கலர் காயுற வேகமும் வேற. அம்பர்னு சொல்ற பழுப்பு மண் கலருங்க சீக்கிரம் காயும், டைட்டேனியம் வெள்ளை மெதுவாத்தான் காயும், கடல் படத்துல பாதி வெள்ளைதானே, அதான் உனக்கு ஒட்டுது. அவசரம்னா லிக்குவின் மாதிரி ஆல்கிட் மீடியம் (சீக்கிரம் காய வைக்கிற கலவை) கொஞ்சமா கலந்துக்கோ, மெல்லிசா போட்டா சில நாள்லயே தொட வரும். வார்னிஷ் மட்டும் அவசரப்படாத, ஆறு மாசமாவது போகட்டும்.

பூஞ்சை நம்ம ஊரு ஈரத்துல எல்லாருக்கும் வர்றதுதான். படத்தை வெளிய எடுத்துட்டு போய் முகமூடி போட்டுக்கிட்டு காஞ்ச தூரிகையில பின்பக்கம் மெல்ல தட்டிவிடு, நிழல்ல காத்தாட நாலு நாள் வை. இனிமே அலமாரிக்குப் பின்னால, பாத்ரூம் ஒட்டுன செவுத்துல வைக்காத. மாட்டுறப்ப பின்னால நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டு, செவுத்துக்கும் கேன்வாஸுக்கும் நடுவுல காத்து ஓடணும். இருட்டுல வெச்சா லின்சீட் மஞ்சளாகும், வெளிச்சம் இருக்குற இடத்துல வெச்சா கொஞ்சம் தெளியும், ஆனா நேர் வெயில் வேணாம்.

இது எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு. எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி பிளாஸ்டிக் தொட்டியில போடாதே. நான் ஒரு நாள் அப்படித்தான் பின்கட்டு அடுக்களையில நாலஞ்சு துணியை சுருட்டி போட்டுட்டு கோயிலுக்குப் போயிட்டேன், திரும்பி வந்து தொட்டா உள்ள கொதிக்குது, ஒரு மாதிரி தீஞ்ச வாடை. எண்ணெய் காயுறப்ப சூடு வரும், சுருட்டுன துணியில அந்த சூடு வெளிய போக வழி இல்லாம தானா பத்திக்கும். துணியை வெளிய ஒவ்வொண்ணா விரிச்சுப் போட்டு காய விடு, இல்ல மூடி போட்ட தகர டின்னுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள போடு. அழுக்கு ஸ்பிரிட்டை சிங்க்ல ஊத்தாதே, போத்தல்ல வெச்சா கலர் அடியில தங்கிடும், மேல தெளிஞ்சதை திரும்ப எடுத்துக்கலாம்.


ஓய்வு_வாத்தியார்
வெள்ளி, மாலை 5.30

அக்கா சொன்னதுல துணி விஷயத்தை இன்னைக்கே பாத்துடுங்க மகளே, மத்தது நாளைக்கு. நான் சொல்ல விட்டுட்டேன், தப்பு என் மேல.

மோரிப் போறப்ப தண்ணி வத்துற நேரத்தை முதல்லயே பாத்து வெச்சுக்கோங்க, நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். சாயங்காலம் போறதா இருந்தா ஏழேகால் சுமாருக்கு சூரியன் கடல்ல இறங்கிடும், நம்ம பக்கம் அந்தி ரொம்ப கொஞ்ச நேரம்தான், கலர் கலக்குறதுக்குள்ள இருட்டிடும். காலையில போங்க, வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்து வரும், சேறும் தண்ணியும் தெளிவா பிரிஞ்சு தெரியும். கே.எல். போற வேலை இருந்தா பாலாய் செனி நெகாரா (தேசிய ஓவியக்கூடம்) ஒரு நடை போய்ட்டு வாங்க. ஆயில் படம் எதையாவது பக்கவாட்டுல நின்னு பாருங்க, பெயிண்ட் எங்க மேடு எங்க மெல்லிசுன்னு தெரியும், அதை எந்த வீடியோவும் காட்டாது.


பந்திங்_மலர்
ஞாயிறு, இரவு 8.55

அக்கா, துணியை எல்லாம் அன்னைக்கே கொடியில விரிச்சுப் போட்டுட்டேன், பயந்தே போயிட்டேன்.

இன்னைக்குக் காலையில போய்ட்டு வந்தோம். அப்பாகிட்ட பலகையை காட்டி தண்ணி கலர் பாக்கப் போறேன்னு சொன்னதும் "நானும் வர்றேன்"னாரு. தம்பி காடியில முன் சீட்டை பின்னால தள்ளி அவரை உக்கார வெச்சான், பசியாற ரொட்டி சானாய் வழியில வாங்கிக்கிட்டோம். காடியை சவுக்கு மரத்துக்கிட்ட போட்டு கதவை தொறந்து விட்டோம், அவரு அங்க இருந்தே பாத்துக்கிட்டு நான் கலக்குற ஒவ்வொரு கலரையும் சரியா இல்லையான்னு சொன்னாரு. "இன்னும் கொஞ்சம் பால் கம்மி"ன்னு தே தாரேக்கு சொல்ற மாதிரியே சொன்னாரு, வெள்ளையைக் குறைச்சேன், அப்படியே எதிர்ல இருந்த தண்ணியா ஆயிடுச்சு. ஒரு மணி நேரத்துல தண்ணி ஏறி நான் வரைஞ்ச சேறு பாதி மறைஞ்சுடுச்சு சார், நீங்க சொன்ன மாதிரியே.

லோரியைப் பத்திக் கேட்டேன். போட்டோவுல ஒரு மாதிரி சிவப்பு கலந்த சாம்பலா இருக்கு, அதையேதான் மூணு படத்துலயும் போட்டிருந்தேன். அப்பா சிரிச்சாரு, தோட்டத்து லோரி நீலம், நல்ல அடர் நீலம், கதவுல மட்டும் வெள்ளை பட்டைன்னாரு. செட்டுல இருந்த அல்ட்ராமரின் இன்னும் முக்கால் ட்யூப் இருக்கு. நாளைக்கு ராத்திரி பெரிய கேன்வாஸுக்கு டேப் ஒட்டப் போறேன்.